குதிரைக்கு எழுதிய அக்கி

ஒரத்தநாட்டுப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் மெஹராஜ் பேகத்தின் வெள்ளைக் குதிரை பவுனைத்தான் கூப்பிடுவார்கள். வெடிச்சத்தத்துக்கு மிரளாத குதிரை. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவளும் அப்படித்தான்.

ஆடியில் பவுனின் முதுகில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்து பொருக்குத் தட்டியது. அக்கி என்று நினைத்தாள் பேகம். மனிதர்களுக்கு அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி குழைத்துப் புண்மேல் சிங்கம் எழுதுவார்கள். குயவர் வீட்டுப் பிரகதாம்பாளைக் கூட்டி வந்தாள்.

"குதிரைக்கு எழுதினதில்ல பேகம். சிங்கத்தப் பாத்து மிரண்டா என்னைக் கேக்காத" என்று சிரித்தபடி எழுதினாள் பிரகதாம்பாள்.

வட்டங்கள் கழுத்துக்கு ஏறின. குட்டியானை வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஷோபனா பொருக்கைச் சுரண்டிப் பார்த்தார்.

"அக்கி இல்லம்மா, படர்தாமரை. பூஞ்சை. மேல போடுற துணி, பிரஷ் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கும். ஆளுக்கும் வரும். ஆறுற வரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க."

பேகம் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கும் ஒரு வட்டம்.

ஆவணி முகூர்த்தங்கள்தான் அவளுடைய வருஷப் பிழைப்பு. வீடு திரும்பியபோது வாசலில் துரைக்கண்ணு. முதல் முகூர்த்தம் அவர் மகன் சதீஷுக்கு.

"அடேயப்பா, இப்பவே குதிரைக்குக் கோலம் போட்டாச்சா!"

பேகம் பேசாமல் இருந்திருக்கலாம்.

"கோலம் இல்லண்ணே, நோவு. வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

"வெல்வெட் துணி போடுவீங்கல்ல? மூடிட்டா யாரு பாக்கப் போறா?"

"பாக்க மாட்டாங்க. சொறிவாங்க. மாப்பிள்ளைக்கு முன்னாடி உங்க பேரப்புள்ளைங்களத்தான உக்கார வைப்பீங்க?" மணிக்கட்டை நீட்டினாள்.

துரைக்கண்ணு ஓரடி பின்வாங்கினார். "உன் குதிரைக்குச் சீக்குன்னு ஊரு பூரா சொல்லிடுவேன்."

"சொல்லுங்கண்ணே. நான் சொன்னா பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும்."

சொன்னார். ஆவணியில் ஓர் அழைப்பும் வரவில்லை. பேகம் மருந்துத் தண்ணீரில் பவுனைக் குளிப்பாட்டினாள். வெல்வெட்டைக் கொதிக்க வைத்தாள்; ஜிகினா முழுவதும் உதிர்ந்தது. அதே துணியை முன்பு சந்தனக்கூடு ஊர்வலத்தில் தன் குதிரைக்குப் போட இரவல் வாங்கிப்போன திருத்துறைப்பூண்டி ஹாஜா மைதீனை ஃபோனில் எச்சரித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆவணி முடிவில் அவரே கூப்பிட்டார்.

"அக்கா, என் குதிரைக்கும் வட்டம் வட்டமா... குயவர் வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"சிங்கமெல்லாம் வேணாம், திரும்புங்க. டாக்டர்ட்ட காட்டுங்க."

"வெளிய தெரிஞ்சா யாரு அக்கா கூப்பிடுவா?"

பேகம் பவுனின் கழுத்தைத் தடவினாள். விரலில் பூனைமுடிபோல ஏதோ குறுகுறுத்தது.

"என்னையும் யாரும் கூப்பிடல தம்பி. ஆனா பவுனுக்கு முடி முளைச்சிருச்சு."