குழாய் பார்க்க வந்தவர்

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மாடியில் குடியிருந்தார். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். சாயங்காலமானால் கையில் ஸ்பேனரோடு இறங்கிவிடுவார். “குழாய் ஒழுகுதான்னு பாக்கணும்” என்பார். குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கீழே குடியிருக்கும் நர்ஸின் அப்பாவோடு கேரம் ஆட உட்கார்ந்துவிடுவார். மனைவி இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும்தான்.

அன்று நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

“வாடகைச் சட்டம் மாறிடுச்சு, ஓனர் சார். நீங்க உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடியே காரணத்தோட சொல்லணுமாம்.”

டிக்கெட் எடுக்காதவர்களையெல்லாம் பாதி வழியில் இறக்கிவிட்டவர், இப்போது படியில் முழித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இப்பவே சொல்லிடறேன். நாளைக்கு வரேன்.”

“காரணம்?”

“குழாய்...” என்று இழுத்தவர் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “சரிம்மா, குழாய்க்கு ஒண்ணுமில்ல. நேத்து உங்கப்பாகிட்ட தோத்துட்டேன். தூக்கமே வரல.”

அவள் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா? வீட்டுக்காரருக்குத்தான் சட்டம். கேரம் ஆட வர்றவருக்கு எதுக்கு?”

உள்ளே காய்கள் தயாராக அடுக்கப்பட்டிருந்தன. குழாய் அன்றைக்குத்தான் நிஜமாகவே ஒழுகியது. ஸ்பேனர் வாசலிலேயே கிடந்தது.