சம்பந்தியிடம் கேட்காத கேள்வி

சட்டிமூடி சீமெந்துத் தரையில் விழுந்து அலறுகிறது. எட்டு நாய்க்குட்டிகளும் சிதறி ஓடுகின்றன. குட்டி வாங்க வந்தவரும் ஓரடி பின்வாங்குகிறார். மூடியைப் போட்ட சிவனேஸ்வரி அவரைக் கவனிக்கவில்லை. பயந்து ஓடிய பிறகு திரும்பி வந்து மூடியை மணந்து பார்ப்பது எது என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் நல்ல குட்டி. மூலையில் ஒடுங்கியபடியே கிடப்பதை அவர் விற்பதில்லை. அது அவரோடேயே இருந்துவிடும்.

நெளுக்குளத்தில் வழி கேட்டால் "பிட்புல் அக்காவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். பிட்புல் நாய் என்றால் ஆளைக் கிழிக்கிற மிருகம் என்று எண்ணி வருகிறவர்கள், தாய்நாய் பவளம் சிவனேஸ்வரியின் மடியில் தலை வைத்து நித்திரை கொள்வதைக் கண்டு திகைத்துப்போவார்கள். அதைக் காட்டாமல் அவர் குட்டியைக் காட்டுவதில்லை. "தாயைக் காட்டாத இடத்திலை குட்டி வாங்காதேங்கோ. நான் வித்தாலும் வாங்காதேங்கோ" என்பார். குட்டியின் உதட்டைப் பெருவிரலால் தூக்கி, பல்லைச் சுற்றிய முரசு வெளிறாமல் இருக்கிறதா என்று வாங்குகிறவரையே பார்க்கச் சொல்வார். கண்ணில் பூளை கூடாது, வயிறு ஊதியிருக்கக் கூடாது. எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், நிறையாமலும் ஊசி போட்ட அட்டை இல்லாமலும் ஒரு குட்டியும் படலை தாண்டாது.

இவ்வளவும் குட்டிக்கான சோதனை. ஆளுக்கான சோதனை தேத்தண்ணீரோடு வரும். வீட்டில் யார் யார், வேலி எப்படி, பகலில் நாயோடு யார் நிற்பார்கள் என்றெல்லாம் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சீனி போட்ட குரலில் ஒன்று கேட்பார்: "சங்கிலி எத்தினை அடியிலை வாங்கப்போறியள்?" நான்கடி, எட்டடி என்று அளவு சொன்ன எவரும் குட்டியோடு போனதில்லை. ஒரு பள்ளிக்கூட அதிபரே தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். "சங்கிலியை முதல் யோசிக்கிற ஆளுக்கு நாய் என்னத்துக்கு? ஒரு பூட்டு காணும்."

இந்தக் கறார் ஒரேயொரு தடவை தளர்ந்தது. மகள் தேனுகாவின் மாமனார் கதிர்காமநாதன் உடையார்கட்டில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். சிங்கத்தலை வைத்த கேற் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் நிற்க ஒரு பிட்புல் வேண்டும் என்றார். அன்றைக்கே தேனுகா போனில் கெஞ்சினாள். "அம்மா, மாமாட்டை உங்கட கேள்வியள் ஒண்டும் கேட்டிடாதேங்கோ. அவர் மரியாதை பாக்கிற மனிசன்." பெண் கொடுத்த இடம். ஊரையெல்லாம் கேள்வி கேட்ட வாய், சம்பந்தி முன்னால் வெற்றிலை மட்டும் போட்டது. மூடியை முதலில் மணந்த கறுப்புக் குட்டி கறுவலைத் தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு போனில் விசாரித்த போதெல்லாம் "சிங்கம் மாதிரி நிக்கிறான்" என்றே பதில் வந்தது.

குட்டி போன ஒன்பதாம் மாதம் புதுவீட்டுக்குக் குடிபூரல். பால் பொங்கி, சனம் பந்தியில் இருந்தபோது சிவனேஸ்வரி ஒரு வடையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மாட்டுக்கொட்டிலின் பின்புறம் வேப்பமரத்தில் ஏதோ கட்டியிருந்தது. கறுவல் என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. காதுகள் முழுதாய் இல்லை. ஒன்று அடியோடும் மற்றது பாதியாகவும் போயிருந்தன. கழுத்தைச் சுற்றி மயிர் உரிந்து தோல் சிவந்திருந்தது. சங்கிலி எட்டிய தூரம்வரை ஒரு புல்கூட மிச்சமில்லை. வடை கையிலிருந்து விழுந்ததை அவர் அறியவில்லை.

அவர் நாயைப் பார்க்கப் போனதை அறிந்து கதிர்காமநாதன் விருந்தினர் நாலுபேரோடு பெருமையாக வந்தார். "காது ரண்டும் நானே பிளேட்டாலை எடுத்தனான், சம்பந்தி. குளவிக்கூடு சோத்திலை குழைச்சுக் குடுக்கிறம், நல்ல கடியன் ஆகட்டும் எண்டு. இப்ப ஒருத்தரும் கிட்டப் போகேலாது." அந்தக் குரலில் கள்ளமே இல்லை. தன் பசு தீனெடுக்காவிட்டால் மிருக வைத்தியரைத் தேடி ஓடுகிற மனிதர். கொடுத்த பொருளைச் சிறப்பாக வைத்திருக்கிறேன் என்று சம்பந்திக்குக் கணக்குக் காட்டுகிறவர் போலத்தான் நின்றார். சிவனேஸ்வரியை உலுக்கியது அதுதான். இந்த மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பார்.

"சம்பந்தி, சங்கிலி எத்தினை அடி?"

"ஆறடி. நல்ல இரும்பு" என்றார் அவர் மகிழ்ச்சியாக.

தேனுகா ஓடிவந்து தாயின் முழங்கையைப் பிடித்தாள். சனம் பார்க்குது, நான் இந்த வீட்டிலை இருக்கிறதோ இல்லையோ என்று காதுக்குள் சொன்னாள். சிவனேஸ்வரி மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அந்த வெறுந்தரைக்குள் கால் வைத்தார். கறுவல் உறுமியது. அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, கையைப் பொத்தி நீட்டினார். அது நெடுநேரம் மணந்தது. உறுமல் தணிந்ததும் சங்கிலிக் கொளுக்கியைக் கழற்றினார். விருந்தினர் கொட்டிலுக்குள் பாய்ந்தார்கள்.

சங்கிலி ஒரு கல்லில் பட்டுச் சத்தமாக விழுந்தது. கறுவல் துள்ளி ஓடி மரத்தடியில் ஒடுங்கியது. சிவனேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றார். அது திரும்பி வரவில்லை, மணந்து பார்க்கவுமில்லை. உடம்பு நடுங்க அப்படியே கிடந்தது.

சிவனேஸ்வரி கதிர்காமநாதன் பக்கம் திரும்பவில்லை. குடிபூரலுக்குக் கட்டிவந்த பட்டுச்சேலையோடு நாய்மலமும் புழுதியுமாய்க் கிடந்த அந்தத் தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, மடியை மெல்லத் தட்டினார்.