புஷ்பவள்ளி மடித்த நாய்

கிள்ளை ஊர் அங்கன்வாடியில் புஷ்பவள்ளி பதினெட்டு வருஷமாக உதவியாளர். கூட்டுவது, சமைப்பது, பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வருவது, கால் கழுவிவிடுவது எல்லாம் அவள் வேலை. சொல்லிக் கொடுப்பது டீச்சர் எழிலரசியின் வேலை. அந்த வியாழக்கிழமை டீச்சர் பயிற்சிக்காகக் கடலூர் கிளம்பியவர், பஸ்ஸிலிருந்து போன் செய்தார்.

“அக்கா, இன்னைக்குப் பிள்ளைங்கள வச்சு காகிதத்துல நாய் செய்யணும். வீடியோ அனுப்பியிருக்கேன். பாத்து அப்படியே மடிங்க.”

“நானா டீச்சர்?”

“நீங்கதான். ஈஸிதான்க்கா.”

வீடியோவில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. சதுரக் காகிதம் முக்கோணமானது, இரண்டு முனைகள் மடங்கிக் காதுகளாயின, நாய் வந்துவிட்டது. நான்கு முறை பார்த்தும் நாய் எப்போது வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் முறை எப்படியோ மடித்து, தரையில் வைத்து, எதிரே இருந்த பதினொரு பிள்ளைகளுக்கும் காட்டினாள்.

“இது என்ன?”

“பூன,” என்றான் எழிலன்.

“மாடு,” என்றாள் இசைவாணி.

தன் பக்கமிருந்து பார்த்தால் நாய்தான். காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுந்துபோய் எழிலன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதுகள் மேலே நிமிர்ந்திருந்தன. பூனையேதான். அப்படியானால் டீச்சர் அனுப்பியது எந்தப் பக்கத்து நாய்? அவளுக்குத் தலை சுற்றியது. பிள்ளைகள் அதற்குள் ஆளுக்கொரு காகிதத்தை மடித்து, தோன்றிய பக்கம் கண் வரையத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி இரண்டு பக்கமும் வரைந்தாள். எழிலன் தன்னுடையதும் பூனைதான் என்றான்.

மறுநாள் டீச்சர் வருவதற்குள் எல்லாவற்றையும் சார்ட்டில் ஒட்டினாள். கீழே பெயர் எழுத வேண்டுமே. ஒவ்வொருவராகக் கேட்டாள்.

“ஆடு,” என்றான் எழிலன்.

“நேத்து பூனைன்னியேடா?”

“அது நேத்து.”

எட்டாம் வகுப்பு வரை படித்தவள், சொன்னதையெல்லாம் பென்சிலால் மெதுவாக எழுதினாள். ஆடு, மாடு, நண்டு, வௌவால். நாய் என்று ஒன்றே ஒன்று, அவள் மடித்தது.

டீச்சர் வந்து சார்ட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இதெல்லாம் பிள்ளைங்களே சொன்னதாக்கா?”

“ஆமா டீச்சர். தப்புன்னா அழிச்சிடலாம், பென்சில்லதான் எழுதியிருக்கேன்.”

டீச்சர் ஸ்கெட்ச் பேனா எடுத்து பென்சில் எழுத்துகளின் மேலேயே எழுதி முடித்தார்.

“இனிமே வியாழக்கிழம இந்த வேலைய நீங்களே பாருங்க,” என்றார் முகத்தைத் திருப்பாமல்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் புஷ்பவள்ளிதான் காகிதம் மடிக்கிறாள். டீச்சர் அன்று சொன்னது மெச்சியா, கோபத்திலா என்பது மட்டும் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.