ஆரோக்கியம் அண்ணன் தட்டிய கதவுகள்

இன்று காலை எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். கைப்பேசியில் நேற்றே செய்தி வந்திருந்தது. கழுவியவர்கள் யார், எப்போது வந்து போனார்கள் என்பது தெரியாது. குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கல்யாணமான புதிதில் அடையாறில் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்துக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது. எங்களுடையது மூன்றாவது மாடி. மழைக்காலத்தில் கூரையில் ஈரம் படம் வரையும். என் கணவருக்கு அதில் இலங்கை தெரியும். எனக்கு மாம்பழம்தான் தெரிந்தது. சாப்பாட்டு நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்.

அங்கே மோட்டார், குழாய், விளக்கு எல்லாவற்றுக்கும் ஆரோக்கியம் அண்ணன்தான். ஊரூர் குப்பத்துக்காரர். முட்டி வலியால் கடலுக்குப் போவதை விட்டவர். எந்த வீட்டுக்கு வந்தாலும் கீழ்க் குழாயில் கால் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று, "உள்ள வரட்டுமா, மா?" என்பார். வாஷர் மாற்றினால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் போவார். சொந்தக்காரர், வாடகைக்காரர் என்ற பேதம் அவரிடம் இல்லை. குடியிருப்போர் சங்கத்தில் இருந்தது. அங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை. பெரும்பாலும் நாற்காலியும் இல்லை.

ஒரு மழைக்குப் பிறகு, தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைத் திறந்த ஆரோக்கியம் அண்ணன் சாக்கடை நாற்றத்தை உணர்ந்தார். மூடி விரிசல் விட்டிருந்தது. சங்கச் செக்ரட்டரியிடம் ஓடினார். அவரோ, "பவுடரைப் போட்டு மூடு. ஞாயித்துக்கிழமை கழுவிக்கலாம். யார்கிட்டயும் சொல்லாதே," என்று அனுப்பிவிட்டார்.

ஆரோக்கியம் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, அந்த முட்டியோடு படியேறிப் பன்னிரண்டு கதவையும் தட்டினார். எங்கள் வீட்டில் நான் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்திருந்தேன்.

"தண்ணில நாத்தம் கீதுமா. கொதிக்க வெச்சும் பாப்பாக்குக் குடுக்காத."

அதே வாரம் சங்கக் கூட்டம். சொல்பேச்சு கேட்காத ஆளை நிறுத்திவிடலாம் என்றார் செக்ரட்டரி. ஆரோக்கியம் அண்ணன் கதவோரம் கைகட்டி நின்றார். என்னைச் சுற்றி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மேடை என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் "அவையோரே" என்று சொன்னதோடு இறங்கியவள். அன்றைக்கு எப்படியோ, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"சார், இவளுக்கு நாலு மாசம். அந்தத் தண்ணியிலதான் பால் கரைக்க இருந்தேன். இவர் கதவைத் தட்டினது தப்பா?"

இரண்டாம் மாடியில் சொந்த வீடு வைத்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை எழுந்தார். "எங்க கதவையும்தான் தட்டினார். நான் அவர் பக்கம்," என்றார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. செக்ரட்டரி நீக்கத் தீர்மானம் எழுதியிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, முதல்ல மூடியை மாத்துவோம்."

மறுநாளே சம்ப்பைக் கழுவிப் புது மூடி போட்டார்கள். மாலையில் ஆரோக்கியம் அண்ணன் வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி உட்டுட்டேன்மா. நானே ஒரு டம்ளர் குடிச்சிப் பாத்துட்டேன். பாப்பாக்குக் குடு."

என்னுடைய பட்டமளிப்பு விழா எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. அப்படி ஒரு மனிதர் பார்த்துக்கொண்ட கட்டடத்தில் நான் குடியிருந்தேன் என்பதை இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஏழு வருடம் அங்கே இருந்தோம். பிறகு கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவானது. நாங்கள் காலி செய்த அன்று, சாமான் லாரி வாசலில் நிற்க, ஆரோக்கியம் அண்ணன் இருட்டடைந்த படித் திருப்பத்தில் ஸ்டூல் போட்டுப் புது பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணே? அடுத்த வாரம் இடிக்கப் போறாங்களே."

"இன்னிக்கி நீங்கல்லாம் சாமான் தூக்கிகினு எறங்குறீங்களேமா. கால் தடுக்கும்."

பல்பு எரிந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் இறங்கினேன். அடுத்த வாரம் அந்தப் படிகளே இல்லை.