கொலைகாரனுக்கு வெறும் குழம்புதான்

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் செல்போன், “நான்தான் அவளைக் கொன்றேன்” என்று திகில் கதை சொன்னது. எனக்கோ அத்தை வைக்கும் மீன் குழம்பு மணத்தது.

ஆரணியில் ஐந்தாவது படிக்கும்போது அத்தைக்கு இப்படிப்பட்ட கதைகளைப் படித்துக் காட்டுவேன். எல்லாம் கொலைகாரனே சொல்லும் கதைகள். அவன் செய்த பாவம் என் தட்டில் வந்து விழும்.

“போன வாரத்துக் கொலைகாரனாவது அழுதான். இவன் கொன்னுட்டு, குளிச்சிட்டு, நாஷ்டா துன்னுக்கினு இருக்கான். இவன்தான் பெரிய பாவி. உனக்கு மீன் கிடையாது, வெறும் குழம்புதான்” என்றாள் அத்தை ஒரு நாள்.

“அத்தை, அது நான் இல்ல!”

“நீதானே இப்ப சொன்ன, நைனா?”

மறுநாள் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்துப் படித்தேன்: “கொன்றுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன்.”

அத்தை மூக்கைச் சிந்தினாள். “மூணு நாளாடா?” என்று நடுத்துண்டு இரண்டை என் தட்டில் வைத்தாள்.