தறி முதலில் இறங்க வேண்டும்

எங்கள் தெருவில் வீடு மாறினால் தறிதான் முதலில் இறங்கும். பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் அதற்குப் பிறகு. சோறு போடுவது தறி, அப்புறம்தானே சட்டி? இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்று எனக்குத் தெரியாது. ஜலகண்டாபுரத்தில் நான் பார்த்த ஒரு வீட்டிலும் இதை மாற்றிச் செய்ததில்லை. மாற்றிச் செய்தவள் நான் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் வீடு மாறியபோது, மழை வருகிறதே என்று பாத்திர மூட்டையை முதலில் இறக்கிவிட்டேன். அந்த வருஷம் தறி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். மோட்டார் எரிந்தது. நூல் கிடைக்கவில்லை. என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்தார். பாத்திர மூட்டைக்கும் காமாலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். பயம் மட்டும் இருந்தது.

இரண்டாவது தடவை மாறியது ராசிபுரத்துப் பக்கம், வெண்ணந்தூருக்கு. வீட்டோடு சேர்ந்து தறிக்கொட்டகையும் கிடைத்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு விசைத்தறி. காலண்டர் தாளில் நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை என்று போட்டிருந்தது. அந்தத் தாளைக் கிழித்து மணிபர்சில் வைத்துக்கொண்டேன். அதற்குள் தறி புது வீட்டு வாசலில் இறங்கியாக வேண்டும். இதை எல்லோரிடமும் பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

டிராக்டர் என் அண்ணனுடையது. கரும்பு லோடு இழுத்துப் பழகியவர். பின்னால் மாட்டியிருந்த டிரெய்லருக்கு இரண்டே சக்கரம். அந்த இரண்டும் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். முன்பக்கத்து நீட்டுக்கட்டையின் நுனியில் ஒரு வளையம். அதை டிராக்டரின் கொக்கியில் வைத்து, மேலிருந்து ஒரு கனத்த இரும்பைச் செருகிவிடுவார்கள். அண்ணன் அதைப் பின்னு என்பார். பின்னு மேலே எழும்பி வராமலிருக்க அடியில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். கிளிப் எங்கேயோ விழுந்துவிட்டதாம். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றியிருந்தார்.

விடியற்காலையிலேயே ஆறு ஆட்கள் வந்து தறியைக் கடப்பாரையால் நெம்பி, குழாய் மேல் உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் முட்டிக்கொண்டது.

"தறிய மொதல்ல ஏத்தி முன்னால தள்ளீரலாம் அம்மிணி. பாரம் முன்னால இருக்கோணும். கொக்கிய அழுத்திக்கிட்டு இருந்தாத்தான் வண்டி சொன்ன பேச்சுக் கேக்கும்."

"முன்னால வெச்சாக் கடைசியாத்தானுங்க எறங்கும்?"

"எறங்கட்டுமே. இப்ப என்ன?"

"அதெல்லாம் ஆகாதுங்ணா. தறி கடைசியா ஏறி மொதல்ல எறங்கோணும்."

"பின்னால கனம் போனாக் கொக்கியத் தூக்கீரும், சாமி. வால ஆட்டும்."

"ஊரான் கரும்புன்னா நேரங்காலம் பாத்து ஏத்தறீங்க. கூடப் பொறந்தவளுக்குன்னா மட்டும் உங்களுக்கு எல்லாமே எளக்காரந்தான்."

இது அநியாயமான பேச்சு என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். அண்ணன் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "மெதுவா ஓட்டிக்கறேன்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன்.

முன்பக்கம் கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் ஏறின. முன்னால் கொஞ்சமாவது கனம் இருக்கட்டும் என்று என் அம்மிக்கல்லை அண்ணனே முன்மூலையில் தூக்கி வைத்தார். மிச்ச இடத்தில் தறி. இடம் போதாமல் பின்கதவைத் திறந்துவிட, அது இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினார். கயிறு போட்டு இறுக்கினோம். இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

"மாமா, நீங்க பின்னாடி நின்னு தறியப் பாத்துக்கோங்க" என்றேன் என் கணவரிடம்.

"டிரெய்லர்ல ஆளே வேண்டாம்" என்றார் அண்ணன்.

"கயிறு தளந்தா யாருங்ணா பாக்கறது?"

என் கணவர் ஏறி, தறிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவிலிருந்த சந்தில் நின்றுகொண்டார். அவர் எதற்கும் மறுத்துப் பேசமாட்டார். அது எனக்கு எப்போதும் சௌகரியமாக இருந்தது. நான் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரின் மட்கார்டு மேல் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாரமங்கலம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ரோடு நேராகி, அண்ணன் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் பின்னால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார், ஆட்டம் நின்றது. நான் போனில் மணி பார்த்தேன்.

"இப்படி ஊர்ந்தா எப்பங்ணா போய்ச் சேர்றது?"

"வால் ஆட்டுது, பாக்கறயில்ல?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொக்கி நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையம் மேலே எழும்பி, பின்னின் தலையில் டக்கென்று இடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டியை நிறுத்துவார், சுமையை மாற்றி ஏற்றுவார், நேரம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்த மௌனத்தைத்தான்.

இளம்பிள்ளையைத் தாண்டி, ஆட்டையாம்பட்டிக்கு முன்னால் ஒரு மேம்பாலம். அதில் ஏறும்போது கனம் முழுவதும் பின்னால் போனது. வளையம் எழும்பியது, இந்தத் தடவை கீழே இறங்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம், கட்டுக்கம்பி அறுந்து தொங்கியது. பின்னு என் கண்ணெதிரே விரல் அளவுக்கு மேலே வந்தது. டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையில் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுற்றின. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

பின்னாலிருந்து என் கணவர் "அம்மா" என்று அலறினார்.

தறி ஒரு சாண் பின்னால் நகர்ந்து பக்கவாட்டில் திரும்பி, அவர் பாதத்தைப் பக்கப் பலகையோடு சேர்த்து நசுக்கியிருந்தது. குதித்து இறங்கவும் வழியில்லை. பின்னு கழன்றால் டிரெய்லர் பின்பக்கமாகக் குடைசாயும், தறி சரியும், அவர் அதற்கு அடியில் இருப்பார். எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பிரேக்குல இருந்து என்னால கால எடுக்க முடியாது. சக்கரத்துக்குக் கல்லுப் போடு! ஓடு!" அண்ணன் குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை.

பாலத்தின் மேல் கல்லுக்கு எங்கே போவது? விளக்கை ரோட்டில் போட்டுவிட்டு ஓடினேன். கையில் அகப்பட்டது முன்மூலையிலிருந்த அம்மிக்கல்தான். எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. அதை இழுத்தெடுத்த நிமிஷம் டிரெய்லரின் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பியது.

"முன்கனத்த எடுக்காதே!" என்று அண்ணன் கத்தினார்.

அம்மி அதற்குள் என் கையில் இருந்தது. மறுபடி மேலே வைக்கத் தெம்பில்லை. ஓடிப்போய் ஒரு சக்கரத்துக்குப் பின்னால் திணித்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு முட்டை லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் ஒரு மரக்கட்டையோடு ஓடி வந்து மற்றச் சக்கரத்துக்கு வைத்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொக்கியை ஒரு பார்வை பார்த்தார், புரிந்துகொண்டார்.

"முன்னால ஏறுங்க! அல்லாரும் முன்னால ஏறுங்க!"

அவர் நீட்டுக்கட்டை மேல் ஏறி நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் ஏறிப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். பைக்கில் வந்த இரண்டு பேர், நின்றுவிட்ட பஸ்ஸிலிருந்து கண்டக்டரோடு நாலைந்து பேர், காய்க்கூடையோடு ஒரு அம்மாள். கூடையை இறக்கி வைக்கக்கூட அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை, இடுப்போடு தூக்கிக்கொண்டே ஏறினார். முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வளையம் கணீரென்று கொக்கியில் உட்கார்ந்தது. முட்டை லாரிக்காரர் குனிந்து பின்னைக் கையால் அறைந்து உள்ளே இறக்கினார்.

"யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, டிரெய்லரில் கிடந்த கடப்பாரையோடு அவரும் இன்னொருவரும் பின்னால் போனார்கள். நான் அசையாமல் நின்றேன். திரும்பிப் பார்க்கவும் பயம். தறியின் இரும்பு நெருநெருவென்று நகரும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என் கணவரின் முனகல் கேட்டது. அவர் முனகும்வரை உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். முனகல் நின்றது.

"கால் வந்துருச்சுங்க!" என்று யாரோ சொன்னார்கள்.

அவரை இறக்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். இரண்டு விரல் நகம் பெயர்ந்து, பாதம் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. ஒரு செருப்பு மேலேயே மாட்டிக்கொண்டு நின்றது. நான் இறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டார்:

"தறிக்கு ஒண்ணும் ஆகலியே, புள்ள?"

அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். பஸ் முழுக்கப் பார்த்தது. அப்புறம் அதே தோளில் சாய்ந்து அழுதேன்.

ஏறியவர்களை முன்பக்கம் வைத்தபடியே, நடக்கிற வேகத்தில் அண்ணன் பாலத்தைக் கடந்தார். கீழே ரோட்டோரம் ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கட்டில், பீரோ, மூட்டை எல்லாவற்றையும் புழுதியில் இறக்கினோம். ஏறி வந்தவர்கள் தறியை முன்பலகையோடு ஒட்டும்வரை நெம்பித் தள்ளினார்கள். அண்ணன் பக்கத்து லாரிப் பட்டறைக்குப் போய் முறையான கிளிப் வாங்கிவந்து மாட்டி, நாலு தடவை இழுத்துப் பார்த்தார். அறுந்த கம்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டார். அவர் பங்குக்கு அவருக்கும் ஒரு குற்றம் இருந்தது.

போனில் மணி பார்த்தேன். ஒன்பது இருபது. சரியாக என் நல்ல நேரத்தில், ஊர் பேர் தெரியாத டீக்கடை வாசலில், என் துடைப்பமும் முறமும் இறங்கிக் கிடந்தன. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சட்டி பானையெல்லாம் பின்னால் ஏறியது. புது வீட்டில் அவைதான் முதலில் இறங்கும். தறி கடைசி.

"டிரெய்லர்லயும் ஆளு வேண்டாம், மட்கார்டுலயும் வேண்டாம். மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போ" என்றார் அண்ணன். மறுபேச்சுப் பேசாமல் போனேன். ஆட்டையாம்பட்டியில் காலுக்குக் கட்டுப் போட்டு ஊசியும் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வெண்ணந்தூர் வந்தோம். வீட்டைத் திறந்து அவரைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அண்ணன் வந்து சேரும்வரை தெருமுனையில் கேட்ட ஒவ்வொரு டிராக்டர் சத்தத்துக்கும் தெருவில் இறங்கிப் பார்த்தேன்.

வந்தார். முதலில் கொக்கியைத்தான் பார்த்தேன். வளையம் அழுந்தி உட்கார்ந்திருந்தது. அண்ணன் இறங்கிவந்து பின்கதவில் கை வைத்தார், திறக்கவில்லை. நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்:

"உனக்கு மனசு கேக்கலீன்னாச் சொல்லு சாமி. எல்லாத்தையும் அந்தப் பக்கம் எறக்கி வெச்சுட்டு, தறிய மொதல்ல உள்ள கொண்டு போயிரலாம். எத மொதல்ல எறக்கட்டும்?"

உள்ளே திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, வெறும் தரையில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

"எது வேண்ணாலும் எறக்குங்ணா" என்றேன். "மொதல்ல எறங்க வேண்டியது பாலத்துலயே எறங்கிருச்சு."