அப்பா தூர்த்த கடல்

"நீந்தத் தெரியாதவ கடல் தாண்டிப் போயி என்னா செய்யப் போற? கப்பல் கவுந்தா கத்தக்கூட தெரியாது ஒனக்கு" என்றார் முனியாண்டி மாமா. நான் விமானத்தில்தான் போகிறேன் என்றேன். "அது மட்டும் கவுறாதா லா?" என்றார். மலாக்காவின் பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் என்னை வழியனுப்ப வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா என் அப்பாவோடு லாரி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் அன்று அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நான் வந்து சேர்ந்த ஊருக்கு ஒரு பக்கம் நிலக்கரி மலை, மறுபக்கம் கடல். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. என்னோடு வேலை பார்க்கும் கேரனுக்கு என் வயதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு ஈரத் தலையோடு வருவாள். அவள் நடந்த தடமெல்லாம் மணல் கிடக்கும். அவள் வீட்டில் குளியலறை இல்லை போலும் என்று ஒரு மாதம் இரக்கப்பட்டேன். என் அறைக்கு வந்து குளித்துக்கொள் என்று சொல்லியும்விட்டேன். கேரன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுநாள் விடியலில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அங்கே முப்பது பேர் பலகையும் கையுமாக அலைக்காகக் காத்திருந்தார்கள். தபால்காரர் இருந்தார், ஒரு பல் மருத்துவரும் இருந்தார். வேலைக்குப் போகுமுன் அலையேறிவிட்டுத்தான் போவார்களாம்.

மலாக்காவில் பிறந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். எங்கள் நீரிணையில் தண்ணீர் சேற்றைத் தொட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பும். இங்கே ஒரு வீட்டின் உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து, ஒரு நொடி கண்ணாடியாக நின்று, பிறகு இடிந்தது. அந்தக் கண்ணாடியின் மேல் கேரன் நின்றுகொண்டு வந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் கேரன் ஒரு துண்டறிக்கை கொடுத்தாள். ஞாயிறு காலை அலையேறிகள் எல்லோரும் கடலுக்குள் வட்டமாகக் கூடுகிறார்கள், பூ கொண்டு வரவும் என்றிருந்தது. யாரோ இறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மலாக்காவில் பெம்பானை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்குக் கடல் என்றால் அஸ்தி கரைக்கும் இடம். லாரியில் போவோம். ஆண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பூவையும் சாம்பலையும் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். விளையாட யாரும் போனதில்லை. ஆகவே அந்த ஞாயிறு தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன்.

போனால் கரையில் சொசேஜ் வாட்டுகிறார்கள். பாட்டு போட்டிருக்கிறார்கள். துக்க இடத்தில் இப்படியுமா என்று கேரனைத் தனியே இழுத்து, "யார் செத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் சாகலையே!" என்று சிரித்தவள், என் உடையையும் பூவையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு மணலில் கட்டியிருந்த ஒரு நீலக் கயிற்றைக் காட்டினாள். அது கம்பத்துக்குக் கம்பம் நீண்டு, அவர்களுடைய சங்கக் கொட்டகையின் பின்பக்கமாகப் போனது. பூமி சூடேறுகிறது, கடல் மட்டம் உயர்கிறது, இப்படியே போனால் அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் தண்ணீர் அந்தக் கயிறு வரைக்கும் வரக்கூடும் என்றாள். அதை ஊருக்குச் சொல்லத்தான் இந்தக் கூட்டமாம். "செத்தது யாருன்னா, இந்தக் கரைதான். இன்னும் சாகலை" என்றாள்.

எனக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டி, ஒரு பெரிய பலகையில் குப்புறப் படுக்கவைத்து, கேரனும் இன்னொருத்தியும் நீந்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். முனியாண்டி மாமாவின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் சட்டென்று அமைதி. நாற்பது ஐம்பது பேர் பலகைகளில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் மூச்சு வாங்குவதுபோல் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கியது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஊர், மலை, மலைச் சரிவில் சுரங்க வாய், எல்லாம் உள்ளங்கை அளவில் தெரிந்தன. இத்தனை பெரிய தண்ணீர் நடுவே பயமில்லாமல் இருக்கிறேனே என்று கண் கலங்கியது.

ஒவ்வொருவரும் தன் கரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது கூட்டத்தை நடத்தியவர் கனிவாகக் கேட்டார். "உங்க நாட்டுல கடல் ஏறி என்னென்ன அழிச்சிருக்கு? எங்களுக்குச் சொல்லுங்க."

தலையாட்டி, சோகமாக இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். அப்படி ஒரு முறை தப்பித்தவள்தான் நான். முதலாளிகள் தோட்டத்தை விற்று மரங்களை வெட்டியதும், பால்மரம் சீவிய அப்பா லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, மலாக்கா கடலைத் தூர்த்து நிலமாக்க மண் ஏற்றினார். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மீனவர் வீட்டுப் பெண். அவள் வீட்டுப் படகு நின்ற இடம் ஒரே வருடத்தில் மண்மேடானது. "உன் அப்பாவா அங்க மண் கொட்டுறது?" என்று அவள் மலாய்மொழியில் கேட்டாள். இல்லை, அப்பா வீடு கட்டும் இடத்துக்கு மணல் அடிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். மண் கொட்டிய காசில் அப்பா வாங்கித் தந்த காலணிதான் அன்று என் காலில் இருந்தது. அதை மேசைக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"எங்கள் ஊரில் கடல் எங்கள்மேல் ஏறவில்லை. நாங்கள்தான் கடல்மேல் ஏறினோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "என் அப்பா லாரி லாரியாக மண் கொட்டினார். அந்த வேலைதான் என்னைப் படிக்கவைத்து இங்கே அனுப்பியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடல் போனதையும் மறைக்க மாட்டேன்."

தண்ணீர் பலகைகளில் தட்டிக்கொண்டிருந்தது. கேரன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய முறை எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் மறுபடி பேசினாள். "எங்க அப்பா அந்த மலைக்குள்ள நிலக்கரி வெட்டினார். இந்தப் பலகை அவர் வாங்கிக் கொடுத்தது." எதிரே இருந்த ஒருவர், "என் அண்ணன் இன்னும் அங்கதான் வேலை செய்யிறான்" என்றார். பிறகுதான் பூக்களை விட்டோம். இந்த முறை நான் திரும்பிப் பார்த்தேன். பூக்கள் எங்களுக்கு முன்னால் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி, கடலில் சொன்னதைச் சொன்னேன்.

"எல்லார் முன்னாலயுமா சொன்ன?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

கோபமோ என்று பயந்தேன். "லாரி நம்பர் சொல்லலியே?" என்றார். பிறகு அந்த நீலக் கயிற்றைப் பற்றி விவரமாகக் கேட்டார். "நாங்களும் கயிறு கட்டித்தாம்மா மண்ணு கொட்டுனோம். ஒரு கயிறு அனுப்பு. நாங்க தூர்த்த அந்த தம்பாக் நெலத்துல கடைசி வெளக்குக் கம்பத்துல கட்டி, மாசா மாசம் பௌர்ணமிக்குத் தண்ணி எங்க வந்து நிக்கிதோ அங்க முடிச்சுப் போட்டு வைக்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. முடிச்சுப் போடத் தெரியும்ல? முனியாண்டி ஒரு முனையப் புடிச்சுக்குவான்."

"பாத்துப்பா, மாமா கடல்ல விழுந்துறப் போறாரு."

"அதான் பயமாருக்கு. அவனுக்கும் நீந்தத் தெரியாது லா."

நீலக் கயிறு ஒரு சுருள் வாங்கி, கேரன் ஒரு முனையைப் பிடிக்க, சரிபாதியாக வெட்டினேன். கடந்த பௌர்ணமியன்று என் பாதியைச் சங்கக் கொட்டகைத் தூணில் கட்டி, தண்ணீர் வந்து நின்ற இடத்தில் முதல் முடிச்சைப் போட்டேன். முடிச்சில்லாத பாதி நேற்றுத் தபாலில் மலாக்காவுக்குப் போய்விட்டது.